கியோட்டோவின் சமையலறை

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. ஆகவே, ‘கோடைக்காலம்’ என்னும் சொல் நமக்குப் பாடநூலில் படிக்கும் சொல்லாகவே இருக்கிறது. ஜப்பானின் கியோட்டோ நகர மக்களுக்கோ அது உடலால் உணரும் சொல். அந்நகரின் மூன்று பக்கங்களிலும் மலைகள் சூழ்ந்துள்ளன. கிண்ணம் போன்ற அந்த நிலப்பரப்பில் கோடை வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பநிலை பல நாள்களில் 35 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். அந்த நாள்களில் கியோட்டோவின் புழுக்கம் சிங்கப்பூரின் புழுக்கத்தையும் மிஞ்சிவிடும்.

அத்தகைய கடும் வெப்பத்தின் நடுவில்தான் அந்நகரம் தன் மிகப் பெரிய திருவிழாவைக் கொண்டாடுகிறது. ‘கியோன் மட்சுரி’ எனப்படும் அத்திருவிழா ஜூலை மாதம் முழுவதும் நடைபெறும். தேர்களைக் காண வருவோரில் பலர், தேர் செல்லும் முதன்மைச் சாலைக்கு அருகிலேயே உள்ள குறுகிய தெரு ஒன்றுக்குள்ளும் நுழைவர். அதுதான் நிஷிகி சந்தை. மக்கள் அதனைக் ‘கியோட்டோவின் சமையலறை’ என்று அழைக்கின்றனர்.

திருவிழாக் காலத்தில் அச்சந்தையில் விற்கப்படும் மீன், காய்கறி, ஊறுகாய் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. கடலிலிருந்து தொலைவில், கடும் வெயிலில், குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் ஒரு பெரிய நகரம் எப்படிச் சாப்பிட்டது? இந்தக் கேள்விக்கான விடையை நிஷிகி சந்தையில் நடந்துகொண்டே தெரிந்துகொள்ளலாம்.

கொள்ளைநோயில் பிறந்த திருவிழா

கியோட்டோ 794ஆம் ஆண்டு ஜப்பானின் தலைநகரமானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேரரசரின் அரண்மனை அங்கேதான் இருந்தது. மக்கள் நெருக்கமாக வாழ்ந்த அந்நகரில் மழைக்காலம் முடிந்து வெயில் தொடங்கும்போது ஆறுகள் பெருகும், தண்ணீர் மாசடையும், நோய்கள் பரவும். 869ஆம் ஆண்டு கொள்ளைநோய் ஒன்று நாட்டையே உலுக்கியது. நோய் நீங்க வேண்டும் என்று மன்றாடி, அக்காலத்தில் இருந்த மாநிலங்களைக் குறிக்கும் வகையில் 66 நீண்ட ஈட்டிகளை நட்டு வழிபாடு நடத்தினர். கியோன் திருவிழாவின் தொடக்கம் அதுவே எனக் கூறப்படுகிறது.

இந்தச் செய்தி தமிழர்களுக்குப் புதியதன்று. கோடைக்காலத்தில் அம்மை நோய் பரவாமல் காக்க வேண்டி மாரியம்மனுக்கு விழா எடுப்பதும், வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும் நம் முன்னோரின் வழக்கம். கியோட்டோ மக்களும் தேர்களின் அருகே விற்கப்படும் ‘சிமாகி’ என்னும் மூங்கில் இலைக் கட்டினை வாங்கிச் சென்று வாசலில் தொங்கவிடுகின்றனர். ‘சிமாகி’ என்ற பெயரில் இலையில் பொதிந்த தின்பண்டமும் உண்டு. ஆனால், திருவிழாச் சிமாகிக்குள் உணவு எதுவும் இருக்காது. அது நோயைத் தடுக்கும் காப்பாகக் கருதப்படுகிறது.

இன்று ஜூலை 17, 24 ஆகிய இரு நாள்களிலும் தேரோட்டம் நடைபெறுகிறது. ‘யமா’, ‘ஹோகோ’ என இரு வகையான தேர்கள் உள்ளன. பெரிய ஹோகோ தேர் ஏறத்தாழ 25 மீட்டர் உயரமும் 12 டன் எடையும் கொண்டது. ஆணிகளைப் பயன்படுத்தாமல், மரச்சட்டங்களை வைக்கோல் கயிற்றால் இறுக்கிக் கட்டியே அதனை எழுப்புகின்றனர். தேர்களைச் சுற்றி அலங்காரத் துணிகளைத் தொங்கவிடுவர். அவற்றுள் ஐரோப்பா, பாரசீகம், இந்தியா ஆகிய இடங்களிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த கம்பளங்களும் திரைச்சீலைகளும் அடங்கும். இத்தேரோட்டம் 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் தொட்டுணரா மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

தேர்களைக் கட்டிக் காப்பவர்கள் அந்தந்தத் தெரு மக்களே. அவர்களுள் வணிகர்களும் கைவினைஞர்களும் தலைமுறை தலைமுறையாக இப்பொறுப்பை ஏற்று வந்துள்ளனர். கோயிலின் தெய்வங்களைச் சுமந்து செல்லும் மூன்று பல்லக்குகளுள் ஒன்றைத் தூக்கிச் செல்லும் பொறுப்பு நிஷிகி சந்தையைச் சார்ந்தோருக்கு உரியது. ஆகவே, சந்தையும் திருவிழாவும் அருகருகே நடக்கும் இரண்டு தனி நிகழ்ச்சிகள் அல்ல. காலையில் மீன் விற்கும் அதே தோள்கள்தாம் மாலையில் பல்லக்கைச் சுமக்கின்றன.

குளிர்ந்த நீர் தந்த சந்தை

நிஷிகி சந்தை ஏறத்தாழ 390 மீட்டர் நீளமுள்ள ஒற்றைத் தெரு. இரண்டு பேர் கைகளை நீட்டி நின்றால் சில இடங்களில் தெருவின் இரு பக்கங்களையும் தொட்டுவிடலாம். அதன் மேலே சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் கூரை வேயப்பட்டுள்ளது. கூரையின் கீழே ஏறத்தாழ 130 கடைகள் இரு வரிசைகளாக அமைந்துள்ளன. மீன்கடை, காய்கறிக்கடை, தோஃபு கடை, ஊறுகாய்க் கடை, தேயிலைக் கடை, முட்டைப் பொரியல் கடை, கத்திக் கடை என ஒவ்வொரு கடையும் ஒரு பொருளில் தேர்ச்சி பெற்றது. ‘அரிட்சுகு’ என்னும் கத்திக் கடை 1560ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. முதலில் வாள் செய்த அக்குடும்பத்தினர் பின்னர்ச் சமையல் கத்திகள் செய்யத் தொடங்கினர்.

இவ்வளவு குறுகிய தெருவில் ஒரு பெரிய சந்தை ஏன் தோன்றியது? அதற்கான விடை தரைக்கு அடியில் இருக்கிறது. கியோட்டோவின் அடியில் நிலத்தடி நீர் நிறைந்துள்ளது. நிஷிகி தெருவில் தோண்டிய கிணறுகளில் தூய்மையான, குளிர்ந்த நீர் ஊறியது. வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 15 முதல் 18 பாகை வரையில்தான் இருக்கும். மீன் வணிகர்கள் கிணற்றின் குளிர்ச்சியில் மீனையும் கோழியையும் வைத்துக் கெடாமல் காத்தனர். ஒரு வகையில், கிணறுதான் அவர்களின் குளிர்பதனப் பெட்டி.

1615ஆம் ஆண்டு அரசு இத்தெருவுக்கு மீன்சந்தை நடத்த முறையான அனுமதி அளித்தது. அதன் பிறகு நகரின் முக்கியச் சந்தைகளுள் ஒன்றாக நிஷிகி வளர்ந்தது. 1960களில், அருகில் தரைக்கு அடியில் ரயில்பாதை அமைக்கப்பட்டபோது கிணறுகள் வற்றத் தொடங்கின. வணிகர்கள் ஒன்றுகூடிப் பொதுவான ஆழ்கிணறு ஒன்றைத் தோண்டினர். குளிர்பதன வசதி வந்துவிட்ட காலத்திலும் அவர்கள் நீரைக் கைவிட விரும்பவில்லை. தோஃபு செய்யவும், காய்கறிகளைக் கழுவவும், சாறு காய்ச்சவும் அந்த நீரின் சுவை தேவைப்பட்டது. சந்தையின் கிழக்கு முனையில் உள்ள நிஷிகி தென்மங்கு கோயிலில் இன்றும் ஊற்றுநீர் வழிகிறது. அவ்வழியே செல்வோர் அதனைக் கையில் ஏந்திப் பருகுவதைக் காணலாம்.

உயிர்த்துடிப்புள்ள மீன்

ஜூலை மாதத்தில் நிஷிகியின் மீன்கடைகளில் அதிகம் காணப்படும் மீன் ‘ஹமோ’. விலாங்குபோல் நீண்ட உடலும் கூர்மையான பற்களும் கொண்ட கடல்மீன் அது. திருவிழாக் காலத்தில் அம்மீனை விரும்பி உண்பதால், கியோன் திருவிழாவுக்கு ‘ஹமோ திருவிழா’ என்ற செல்லப்பெயரும் உண்டு.

கடலே இல்லாத நகரம் கடல்மீன் ஒன்றைத் தன் திருவிழா உணவாகக் கொண்டது எப்படி? அக்காலத்தில் மீன்கள் செத்தோ உட்கடல் பகுதியிலிருந்து படகிலும் ஆள்சுமையாகவும் கியோட்டோவுக்கு வந்தன. கோடை வெயிலில் பெரும்பாலான மீன்கள் வழியிலேயே கெட்டுவிடும். ஹமோ மட்டும் நீரைவிட்டு எடுத்த பிறகும் நீண்ட நேரம் உயிருடன் இருக்கும். ஆகவே, கோடைக்காலத்தில் நகர மக்களுக்குப் புத்தம் புதியதாகக் கிடைத்த அரிய கடல்மீன் அதுவே. இவ்வளவு உயிர்த்துடிப்புள்ள மீனை உண்டால் நமக்கும் வெயிலைத் தாங்கும் வலிமை கிடைக்கும் என்று மக்கள் நம்பினர். மழைக்காலம் முடிந்ததும் அதன் சுவை கூடும் என்றும் கூறுவர்.

ஆனால், ஹமோவை எளிதில் உண்ண முடியாது. அதன் சதை முழுவதும் நுண்ணிய முட்கள் நிறைந்துள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்கவும் இயலாது. கடலோர மக்கள் பலர் இந்த மீனைப் பெரிதாக மதிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். வேறு மீன் கிடைக்காத கியோட்டோ சமையல்காரர்களோ ஒரு வழியைக் கண்டுபிடித்தனர். அதற்கு ‘ஹொனெகிரி’, அதாவது ‘முள்வெட்டு’ என்று பெயர். முதலில் மீனைப் பிளந்து தோல் கீழே இருக்கும்படி பலகையில் விரிப்பர். பின்னர்க் கனமான கத்தியால் சதையை மிக மெல்லிதாகக் கீறிக்கொண்டே செல்வர். 3 சென்டிமீட்டர் நீளத்துக்குள் ஏறத்தாழ 24 கீறல்கள் விழும். சதையும் முள்ளும் வெட்டுப்பட வேண்டும்; அடியில் உள்ள தோல் வெட்டுப்படக் கூடாது. கத்தி இறங்கும் ஓசை தாளம் தப்பாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இதில் தேர்ச்சி பெற ஒரு சமையல்காரருக்குப் பல ஆண்டுகள் ஆகும்.

அவ்வாறு கீறிய துண்டைக் கொதிநீரில் இட்டால் தோல் சுருங்கும். வெண்ணிறச் சதை பூவைப்போல் விரியும். உடனே அதனைக் குளிர்நீரில் இட்டு எடுத்து, ‘உமே’ என்னும் புளிப்புக் கனியின் விழுதுடன் பரிமாறுவர். வெயிலில் சோர்ந்து வருவோருக்கு அதன் குளிர்ச்சியும் புளிப்பும் பசியைத் தூண்டும்.

இதில் நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. கடல் அருகில் இருந்திருந்தால் கியோட்டோ மக்கள் ஹமோவைத் தேடியிருக்க மாட்டார்கள். முள்வெட்டுக் கலையும் அங்கு இவ்வளவு வளர்ந்திருக்காது. இல்லாமையே அவர்களுக்கு ஆசிரியராக அமைந்தது.

உப்பும் புளிப்பும்

வெயிலை வெல்ல மற்றொரு வழி, உணவைப் பதப்படுத்துவது. கியோட்டோவுக்கு வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் வக்காசா கடற்கரை உள்ளது. அங்குப் பிடித்த கானாங்கெளுத்தி வகை மீன்களுக்கு உப்பிட்டு, மலைப்பாதை வழியே தோளில் சுமந்து வருவர். நகரை வந்தடையும் நேரத்தில் உப்பு அளவாக மீனில் ஊறியிருக்கும். அம்மீனை ஜப்பானியர் ‘சபா’ என்பர். அது வந்த பாதைக்குச் ‘சபா கைதோ’, அதாவது ‘கானாங்கெளுத்திச் சாலை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அம்மீனை வினிகரில் ஊறவைத்து, சோற்றின்மீது வைத்து அழுத்தி, கடற்பாசியால் சுற்றினால் ‘சபா சூஷி’ ஆயத்தமாகிவிடும். கியோட்டோ வீடுகளில் திருவிழா நாள்களில் இதனைச் செய்து உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுப்பது வழக்கம். தீபாவளிக்கு நாம் பலகாரத் தட்டுகளைப் பரிமாறிக்கொள்வது போன்ற பழக்கம் இது.

ஊறுகாய்க் கடைகளில் மரத்தொட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். கோடையில் பலரும் தேடுவது ‘ஷிபாசுகே’ என்னும் ஊதாநிற ஊறுகாய். கத்திரிக்காயையும் ‘ஷிசோ’ என்னும் செந்நிற இலையையும் உப்பிட்டு, மேலே கனமான கல்லை வைத்து அழுத்திவிடுவர். உப்பு, காயில் உள்ள நீரை வெளியே இழுக்கும். அந்நீரில் நன்மை தரும் நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்கும். தயிர் புளிப்பதும் இட்லி மாவு பொங்குவதும் இத்தகைய நுண்ணுயிர்களால்தான். புளிப்பு ஏற ஏற, இலையின் சாயமும் பளிச்சென்று மாறும். இந்த ஊறுகாயில் செயற்கை நிறம் எதுவும் சேர்க்காமலேயே கண்ணைக் கவரும் வண்ணம் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

காய்கறிக் கடைகளில் ‘கியோ யாசாய்’ எனப்படும் கியோட்டோவின் மரபுக் காய்கறிகளைக் காணலாம். கோடையில் விளையும் ‘கமோ’ கத்திரிக்காய் ஒரு சிறிய பந்துபோல் உருண்டையாக இருக்கும். அதனைக் குறுக்கே வெட்டி, வாட்டி, ‘மீசோ’ என்னும் சோயா விழுதைத் தடவி உண்பர். காரமில்லாத பெரிய ‘மங்கன்ஜி’ மிளகாயை அப்படியே நெருப்பில் சுட்டுச் சாப்பிடுவர். கடல்மீன் எளிதில் கிடைக்காத நகரத்தில், உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைகளைத் தேர்ந்தெடுத்துக் காய்கறிகளின் சுவையைக் கூட்டினர். புலால் உண்ணாத புத்த மடங்களும் அந்நகரில் பல இருந்தன. ஆகவே, தோஃபு, சோயாப் பாலின் மேல் படியும் ‘யுபா’ என்னும் ஆடை, காய்கறி ஆகியவற்றைக் கொண்டு செய்யும் உணவுகள் அங்குச் சிறப்பாக வளர்ந்தன.

ஒரு காய் மட்டும் இம்மாதத்தில் சிலருக்கு விலக்கு. அது வெள்ளரிக்காய். வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம், கியோன் திருவிழாவை நடத்தும் யசாகா கோயிலின் சின்னத்தை ஒத்திருக்கும். தெய்வத்தின் சின்னத்தைக் கடித்து உண்பது தகாது என்று கருதி, திருவிழாவில் பங்கேற்கும் பலர் ஜூலை மாதம் முழுவதும் வெள்ளரிக்காயைத் தவிர்க்கின்றனர். வெயிலுக்கு இதமான காயையே விரும்பி விட்டுக்கொடுப்பதால் அது நோன்பாகிறது.

சந்தையைக் காத்த ஓவியர்

நிஷிகி சந்தையின் வரலாற்றில் மறக்க முடியாத ஒருவர் இட்டோ ஜகுச்சு. அவர் 1716ஆம் ஆண்டு இத்தெருவில் இருந்த காய்கறி மொத்த வணிகர் ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். தந்தை இறந்தபோது 23 வயதில் கடைப் பொறுப்பை ஏற்றார். எனினும், அவர் மனம் ஓவியத்திலேயே இருந்தது. 40 வயதில் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேர ஓவியரானார். அவர் தீட்டிய சேவல்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை.

அவர் உலக விவகாரங்களில் ஆர்வமற்றவர், ஓவியத்தைத் தவிர வேறு எதையும் அறியாதவர் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. பின்னர்க் கிடைத்த சந்தை ஆவணங்கள் வேறொரு ஜகுச்சுவைக் காட்டின. 1770களின் தொடக்கத்தில் போட்டிச் சந்தையினரின் முயற்சியால் நிஷிகியின் காய்கறிச் சந்தை மூடப்படும் நிலை வந்தது. அப்போது ஜகுச்சு தம் பகுதியின் மூத்த பொறுப்பாளராக இருந்தார். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவர் சந்தைக்காகக் களத்தில் இறங்கினார். அதிகாரிகளுக்கு விண்ணப்பம் எழுதினார். அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தார். சந்தைக்குக் காய்கறி கொண்டுவந்த சிற்றூர் உழவர்களையும் தம்முடன் சேர்த்துக்கொண்டார். சந்தை மூடப்பட்டால் கடைக்காரர்கள் மட்டுமல்லாமல் உழவர்களும் பிழைப்பை இழப்பர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். தம் பகுதிக்கு மட்டும் சலுகை பெற்று ஒதுங்கிக்கொள்ள அவர் விரும்பவில்லை. 1774ஆம் ஆண்டு சந்தை தொடர்ந்து நடைபெற அனுமதி கிடைத்தது.

பிற்காலத்தில் ஜகுச்சு ஓர் அரிய ஓவியத்தை வரைந்தார். புத்தர் இறுதியாகப் படுத்திருக்க, சீடர்கள் சூழ்ந்து வருந்தும் காட்சியைப் பல ஓவியர்கள் வரைந்துள்ளனர். ஜகுச்சுவின் ஓவியத்தில் புத்தரின் இடத்தில் ஒரு வெள்ளை முள்ளங்கி படுத்திருக்கிறது. சுற்றிலும் கத்திரிக்காய், பூசணி, காளான் முதலிய காய்கனிகள் நின்று அழுகின்றன. சிறுவயது முதல் தாம் பார்த்து வளர்ந்த காய்கறிகளில் அவர் உயிரைக் கண்டார். அந்த ஓவியம் இன்று கியோட்டோ தேசிய அரும்பொருளகத்தில் பாதுகாக்கப்படுகிறது. நிஷிகியில் மாலையில் கடைகள் மூடிய பிறகு நடந்தால், கடைகளின் உலோகக் கதவுகளில் ஜகுச்சுவின் ஓவியங்களைக் காணலாம்.

இன்றைய சவால்

ஜகுச்சு காலத்தில் சந்தைக்கு ஆபத்து வெளியிலிருந்து வந்தது. இன்றைய சவால் வேறு வகையானது. சந்தை வெறிச்சோடிப் போகவில்லை. மாறாக, கூட்டம் நிரம்பி வழிகிறது. ஆனால், அக்கூட்டத்தில் கூடையுடன் வந்து மீனும் காய்கறியும் வாங்குவோர் குறைவு. படம் எடுத்து, குச்சியில் செருகிய தின்பண்டத்தை வாங்கிச் செல்லும் சுற்றுப்பயணிகளே மிகுதி.

இதற்குத் தொடக்கம் பல ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்தது. 1927ஆம் ஆண்டு கியோட்டோவில் மத்திய மொத்த விற்பனைச் சந்தை திறக்கப்பட்டது. ஜப்பானில் அத்தகைய முதல் சந்தை அதுவே. மொத்த வணிகம் அங்குச் சென்றது. நிஷிகி சில்லறைக் கடைகளின் தெருவாக மாறியது. பின்னர்ப் பேரங்காடிகள் வந்தன. வீட்டில் சமைப்போர் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வாங்கத் தொடங்கினர். வாடிக்கையாளர் குறைந்த காலத்தில் சுற்றுப்பயணிகளின் வருகை கடைக்காரர்களுக்குக் கைகொடுத்தது. இதனால், பச்சை மீனை விற்ற சில கடைகள் பொரித்த மீனையும், சிறு கணவாய் வகைகளைக் குச்சியில் செருகியும் விற்கத் தொடங்கின.

இதில் யாரையும் எளிதில் குறை கூற முடியாது. கடைக்காரர் வாடகை கட்ட வேண்டும். பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சுற்றுப்பயணியும் ஆர்வத்தோடுதான் வருகிறார். எனினும், கூட்ட நெரிசலால் உள்ளூர்ப் பாட்டி ஒருவர் தம் வழக்கமான கடைக்கு வருவதை நிறுத்திவிட்டால், அக்கடை அந்தப் பொருளை யாருக்காக விற்கும்? முள்வெட்டிய ஹமோவைக் கேட்டு வாங்க ஆளில்லை என்றால், அக்கலையை இளையர் ஏன் பல ஆண்டுகள் கற்க வேண்டும்? சமைப்பவர் வராத சந்தை, கடைகள் எத்தனை இருந்தாலும், சமையலறையாக இருக்க முடியாது.

நிஷிகி வணிகர்கள் இதனை உணர்ந்துள்ளனர். நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம் என்று சந்தையெங்கும் பல மொழிகளில் அறிவிப்புகளை வைத்துள்ளனர். இது வெறும் ஒழுங்குமுறை அன்று. குறுகிய தெருவில் எண்ணெய்க் குச்சியுடன் நடந்தால் பிறர் உடையில் படும், குப்பை சேரும், பொருள் வாங்க வந்தவர் ஒதுங்கிப் போவார். ஆகவே, வாங்கிய கடையின் முன்போ உள்ளேயோ நின்று உண்டுவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றனர்.

நல்ல விருந்தினராவது எப்படி?

நீங்கள் என்றேனும் கோடைத் திருவிழாவின்போது அங்குச் செல்ல நேர்ந்தால், சில வழக்கங்களைப் பின்பற்றலாம். முதலில், காலையிலேயே செல்லுங்கள். கடைகள் பெரும்பாலும் காலை ஒன்பது, பத்து மணியளவில் திறந்து மாலையில் மூடிவிடும். காலையில் கூட்டம் குறைவு. கடைக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும்.

இரண்டாவதாக, சந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எதையும் வாங்காமல் ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தக் கடையில் உள்ளூர் மக்கள் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு திரும்பி வரும்போது வாங்குங்கள். தின்பண்டத்துடன் நின்றுவிடாமல், வீட்டுக்குக் கொண்டு செல்லக்கூடிய ஊறுகாய், தேயிலை, உலர்ந்த கடற்பாசி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றையும் வாங்கலாம். அவ்வாறு வாங்கும் ஒவ்வொரு பொருளும் அச்சந்தையின் பழைய தொழிலுக்குத் துணை நிற்கும்.

மூன்றாவதாக, படம் எடுக்கும்முன் அனுமதி கேளுங்கள். பொருள்களைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். ‘இது என்ன? எப்படிச் சமைப்பது?’ என்று கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் கைச்சாடையும் புன்னகையும் போதும். தம் பொருளைப் பற்றி ஆர்வமாகக் கேட்பவரை எந்த ஊர்க் கடைக்காரரும் விரும்புவார்.

இவ்வழக்கங்கள் கியோட்டோவுக்கு மட்டும் உரியவை அல்ல. நம் ஊர் ஈரச்சந்தைகளிலும் இதே கேள்வி எழுந்துள்ளது. தேக்கா சந்தையில் வாழைப்பூவைக் காட்டி, அதை எப்படி ஆய்வது என்று சொல்லித் தரும் கடைக்காரர் இருக்கிறார். எந்த மீனைக் குழம்புக்கு வாங்கலாம், எதைப் பொரிக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மீன்காரரும் இருக்கிறார். அவர்கள் விற்பவை பொருள்கள் மட்டுமல்ல. பல தலைமுறைகளின் அறிவும் அதனுடன் சேர்ந்தே கிடைக்கிறது. அந்த அறிவுக்கு விலைச்சீட்டு இல்லை. கேட்பவருக்கு மட்டுமே அது கிடைக்கும். கேட்பாரற்றுப் போனால் மறைந்துவிடும்.

கியோட்டோ மக்கள் வெயிலைக் குறை கூறிக்கொண்டு இருந்துவிடவில்லை. கிணற்றின் குளிர்ச்சியையும், உப்பின் இயல்பையும், ஒரு மீனின் உயிர்த்துடிப்பையும் புரிந்துகொண்டு தங்கள் உணவை அமைத்துக்கொண்டனர். ஓர் ஓவியர் தம் கலையை நிறுத்திவிட்டு அச்சந்தைக்காகப் போராடினார். இன்று அதனைக் காக்கப் பெரிய போராட்டம் எதுவும் தேவையில்லை. மாதத்தில் ஒருநாள் பெற்றோருடனோ தாத்தா பாட்டியுடனோ சந்தைக்குச் சென்று, ஒரு காயை வாங்கி, அதன் பெயரைக் கேட்டு, வீட்டில் சமைத்துப் பார்ப்பது போதும். சந்தை உயிரோடு இருப்பது வாங்குபவரின் கையிலும் இருக்கிறது.